தடத்தை வெட்டும் முன் கடைசி நிறுத்தம் வரை ஒருமுறை வாருங்கள்

சென்னை நகரப் பேருந்துத் தடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

நகரத்தின் வடபகுதியையும் தென்பகுதியையும் பல ஆண்டுகளாக நேராக இணைத்துவந்த ஒரு பேருந்துத் தடம் சென்ற மாதம் நடுவில் வெட்டப்பட்டு இரண்டு தடங்களாக ஆக்கப்பட்டது. இதற்காகப் பயணிகளுக்குத் தரப்பட்ட அறிவிப்பு, புறப்படும் நிலையத்தில் நேரக் காப்பாளர் அறையின் சன்னலில் ஒட்டப்பட்ட ஒரு வெள்ளைத்தாள் மட்டுமே. அந்தத் தாளும் மூன்றாம் நாள் மழையில் நனைந்து உதிர்ந்துவிட்டது. இடைப்பட்ட நிறுத்தங்கள் ஒன்றிலும் எந்த அறிவிப்பும் இல்லை என்பதை, பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் ஏறி இறங்கியும் நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே இம்மடலை எழுதுகிறேன்.

அத்தடத்தின் எண்ணை வேண்டுமென்றேதான் இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால், அந்த ஒன்றில் மட்டும் நாளைக்கு இரண்டு நடைகளைத் திரும்ப விட்டுவிட்டு, கோரிக்கை நிறைவேறியதாகக் கோப்பை மூடிவிட முடியும். கடந்த சில ஆண்டுகளில் இதே முறையில் வெட்டப்பட்ட, சுருக்கப்பட்ட, ஓசையின்றி நின்றுபோன தடங்கள் என் குறிப்பேடுகளில் இன்னும் பல இருக்கின்றன. தடங்களை மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்கிறீர்கள், எதைப் பார்க்காமல் விடுகிறீர்கள் என்பதைப் பற்றியே நான் முறையிடுகிறேன்.

நான் போக்குவரத்துத் துறை வல்லுநன் அல்லன். அஞ்சல் பிரிப்புப் பணியில் 31 ஆண்டுகள் இருந்து 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். எர்ணாவூர், கொடுங்கையூர், பெரும்பாக்கம், குன்றத்தூர் என்று உறைகளின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படித்துப் படித்து உரிய அறைகளில் போட்டே என் இரவுகள் கழிந்தன. ஆனால் அந்த ஊர்களில் ஒன்றில்கூட நான் கால்வைத்ததில்லை. 2014இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காலத்தில் 50 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு நாள் பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு, திருவொற்றியூரில் 1ஆம் எண் பேருந்தில் ஏறித் திருவான்மியூர் வரை இறங்காமல் சென்றேன். நான் கையால் பிரித்துப் பிரித்து அனுப்பிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சன்னலில் வந்து நின்றதைக் கண்ட அன்றே, இந்த நகரத்தில் ஓடும் ஒவ்வொரு தடத்தையும் முனை முதல் முனை வரை பயணம் செய்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அன்று வகுத்துக்கொண்ட விதிகளை இன்றும் மீறியதில்லை. முதல் நிறுத்தத்தில் ஏற வேண்டும், கடைசி நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். போவதும் வருவதும் தனித்தனிக் கணக்கு. ஏனெனில் ஒருவழிச் சாலைகளால் பல தடங்களில் போகும் வழி வேறு, வரும் வழி வேறு. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நடத்துநர் குரல் கொடுக்கும் நிறுத்தப் பெயர்கள், வழியில் மூன்று இடங்களில் வண்டியில் இருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறேன். 60 வயது கடந்தவர்களுக்கு மாதத்துக்குப் பத்து என்று வழங்கப்படும் கட்டணமில்லா டோக்கன்கள் எனக்கு ஒரு வாரத்துக்கே போதாமையால், 1000 ரூபாய் மாதச் சீட்டையும் வாங்கிக்கொள்கிறேன். இவ்வாறு முந்நூறுக்கும் மேற்பட்ட தடங்களைப் பார்த்தாயிற்று. 2013இல் தொடங்கப்பட்ட சிற்றுந்துகள் நுழையும் சந்துகளும், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் 500ஆம் எண்ணின் நெடுஞ்சாலையும் இதில் அடக்கம். எட்டுக் குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன. தட அட்டவணையை வைத்து வேலை செய்யும் உங்களுக்கு அந்த மேசையிலிருந்து தெரியாத ஒன்றை இந்தக் குறிப்பேடுகள் எனக்குக் காட்டியிருக்கின்றன என்பதாலேயே எழுதத் துணிகிறேன்.

தடத்தை வெட்டியதற்குக் காரணம் கேட்டபோது நிலையத்தில் எனக்குச் சொல்லப்பட்டது இது: "முனைக்கு முனை போகிறவர்கள் யாருமே இல்லை, சார்." அந்தச் சொல் உண்மை. முனைக்கு முனை செல்பவனாகிய நானே அதற்குச் சாட்சி. பெரும்பாலான நாட்களில் நான் ஏறிய நிறுத்தத்தில் என்னோடு ஏறியவர்களில் ஒருவர்கூடக் கடைசி நிறுத்தத்தில் என்னோடு இறங்குவதில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவு தவறானது. அது ஏன் தவறு என்பதை, எல்லோருக்கும் தெரிந்த, நான் பலமுறை முழுமையாகச் சென்றுவந்த ஒரு தடத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குச் செல்லும் 29சி பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரம்பூரிலும் ஓட்டேரியிலும் ஏறுபவர்களில் ஒரு பகுதியினர் புரசைவாக்கத்துக் கடைகளில் வேலைக்கு இறங்குகிறார்கள்; மற்றவர்கள் நுங்கம்பாக்கம் அலுவலகங்களுக்குச் செல்கிறார்கள். புரசைவாக்கத்தில் ஏறும் மாணவியர் நுங்கம்பாக்கத்தைத் தாண்டிக் கல்லூரி வாசலில் இறங்குகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏறுபவர் மயிலாப்பூருக்கும், அதற்கு முன்பே ஏறி உட்கார்ந்திருப்பவர் அடையாற்றுக்கும் போகிறார்கள். மயிலாப்பூரில் பூவும் காயும் வாங்கிக்கொண்டு ஏறுபவர்கள் பெசன்ட் நகரில் இறங்குகிறார்கள். முழுத் தூரமும் செல்லும் பயணி ஒருவரும் இல்லை. ஆயினும் வண்டி முழுத் தூரமும் நிறைந்தே ஓடுகிறது. பூத்தொடுப்பவர் ஒரு பூவின் காம்பின் மேல் அடுத்த பூவின் காம்பை வைத்துக் கட்டுவதைப் போல, ஒருவர் பயணத்தின் மேல் இன்னொருவர் பயணம் ஏறி அமர்ந்திருக்கிறது. அந்தச் சரத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் சிலருடைய பயணம் நடுவில்தான் அறுபடும். முனைக்கு முனை எத்தனை பேர் செல்கிறார்கள் என்ற கணக்கு அவர்களைக் காட்டாது. வெட்டப்போகும் இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கு ஒன்றே அவர்களைக் காட்டும்.

அந்தக் கணக்கை நான் எடுத்திருக்கிறேன். இப்போது வெட்டப்பட்ட தடத்தில், வெட்டுவதற்கு முந்தைய ஓராண்டில் ஐந்து முறை முழுப் பயணம் செய்தேன். வண்டி இப்போது நிறுத்தப்படும் அதே இடத்தில் தலைகளை எண்ணியது தற்செயலே. அது பெரிய சந்திப்பு என்பதால் எப்போதும் அங்கே எண்ணுவது என் வழக்கம். ஐந்து முறையும் அங்கே இறங்கியவர்களைவிட இறங்காமல் தொடர்ந்தவர்களே அதிகம். ஒரு வியாழக்கிழமை காலை அந்த நிறுத்தத்துக்கு வந்தபோது வண்டியில் 58 பேர் இருந்தோம். இறங்கியவர் 17 பேர். மற்ற 41 பேரும் இன்று அதே இடத்தில் இறக்கிவிடப்படுகிறார்கள். நடத்துநரின் கருவி அச்சிடும் சீட்டிலேயே ஏறும் இடமும் இறங்கும் இடமும் இருக்கின்றன. ஒரு கிழவன் விரல்விட்டு எண்ணியதை, உங்களிடம் உள்ள பதிவுகளைக் கொண்டு ஒரே நாளில் சரிபார்த்துவிடலாம்.

அந்த 41 பேரில் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்துத் தென்சென்னைத் தெருக்களில் விற்கும் பெண்மணி அவர். அலுமினியக் கூடையை நடத்துநரோ முன்படியில் நிற்கும் இளைஞர் ஒருவரோ கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். இறங்கும் இடத்தில் அவருக்குத் தெரிந்த இளநீர்க்கடைக்காரர் வாங்கி இறக்குவார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, அந்தக் காசில் தினமும் கூடுதலாக ஐஸ் வாங்க முடிகிறது என்று அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்தத் திட்டத்தின் பயனை அதைவிடத் தெளிவாக வேறெவரும் எனக்கு விளக்கியதில்லை.

தடம் வெட்டப்பட்ட பிறகு ஒரு நாள் நான் அவரோடு அதே வண்டியில் சென்றேன். சந்திப்பில் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அடுத்த வண்டி நிற்கும் இடம் சாலையின் எதிர்ப்புறம், சுமார் 200 மீட்டர் தள்ளி. அங்கே கூடையைத் தூக்கிவிட அவருக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. எனக்கோ தூக்கும் வலு இல்லை. வழிப்போக்கர் ஒருவர் உதவினார். அதன்பின் வந்த இரண்டு வண்டிகளும் கட்டணம் கேட்கும் டீலக்ஸ் வண்டிகள். சாதாரணப் பேருந்து வர 35 நிமிடங்கள் ஆயின. வந்த வண்டி வழியிலேயே நிறைந்து வந்தது. கூடையோடு ஏற இடமில்லை என்று நடத்துநர் சொன்னது நியாயமான பதில்தான். அதற்கடுத்த வண்டியில் ஏறி அவர் தம் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மீன் வாங்கும் வீடுகளில் சமையல் தொடங்கியிருந்தது. இரண்டாவது பேருந்தும் அவருக்கு இலவசம்தானே என்ற பதில் எனக்கு வேண்டாம். சீட்டுக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை என்பது உண்மை. அன்று காலை அவர் இழந்த வாடிக்கையை எந்தச் சீட்டும் காட்டாது.

கட்டணம் செலுத்துவோருக்கு இழப்பு நேரடியானது. பேருந்து மாறினால் புதிய சீட்டு. குறைந்தபட்சக் கட்டணமான 5 ரூபாயிலிருந்து கணக்கு மறுபடியும் தொடங்குகிறது. மாறும்படி செய்தது நீங்கள்; அதற்கான பணத்தைக் கொடுப்பவர் பயணி.

நீண்ட தடங்களில் சிக்கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே எண்ணில் மூன்று வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருவதையும், அதற்குப் பின் ஒரு மணிநேரம் ஒன்றும் வராததையும் நான் பலமுறை குறித்திருக்கிறேன். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூரிலும், பூந்தமல்லி செல்லும் சாலையிலும், பழைய மாமல்லபுரம் சாலையிலும் பேருந்துகள் சுற்றுவழிகளில் போக வேண்டியிருக்கிறது. பாரிமுனையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் 54இலும், கேளம்பாக்கத்துக்குச் செல்லும் 102இலும் இப்பணிகளுக்கு முன்னும் பின்னும் சென்ற எனக்கு அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். ஆனால் தாமதத்துக்குத் தீர்வு, இன்றைய சாலை நிலைக்கு ஏற்றபடி ரன்னிங் டைமை, அதாவது ஒரு நடைக்கு ஒதுக்கப்படும் பயண நேரத்தை, திருத்துவதே. நேரம் போதாமையால் கடைசி நிறுத்தத்தில் இறங்காமலேயே வண்டியைத் திருப்பும் ஓட்டுநர்களையும், திரும்பும் நடை தொடங்கிய பிறகு உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நடத்துநர்களையும் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஓட்டுபவரிடம் கேட்டால் எந்தச் சாலையில் எத்தனை நிமிடம் கூடுதலாகிறது என்று விரல் நுனியில் சொல்வார். அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசி நிறுத்தம் என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் அது ஒரு புள்ளி. பல தடங்களில் நான் இறங்கிப் பார்த்தது ஒரு வேப்பமரம், ஒரு தேநீர்க்கடை, மண்தரையில் வண்டி திரும்பிய சக்கரத் தடம், அவ்வளவுதான். நிழற்கூரை இல்லை, குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒன்றரை மணிநேரப் பயணத்துக்குப் பிறகு கழிப்பறை தேடி நான் பட்ட அவதியை இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஒரு முறை ஒரு பெண் நடத்துநர், தேநீர்க்கடைக்காரரின் வீட்டுப் பெண்களிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டதைப் பார்த்தேன். அன்றாடம் அந்தத் தடத்தில் பணிசெய்பவர் அன்றாடம் அதைக் கேட்கிறார். தடத்தை ஓர் ஊர் தள்ளி நீட்டுவதாக அறிவிப்பது மக்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி என்பதில் ஐயமில்லை. நீட்டிய இடத்தில் மனிதர்கள் இறங்குவார்கள் என்பதும் அந்த முடிவோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

எண்களைப் பற்றியும் சிறிது. நம் நகரத்தில் தட எண் என்பது வெறும் எண்ணாக இருப்பதில்லை. 21ஜி என்றதும் மயிலாப்பூர், அடையாறு, தாம்பரம் என்ற வரிசை, படிக்கத் தெரியாதவர் மனத்திலும் ஓடும். எண்ணின் பின்னால் வரும் ஓர் எழுத்து மாறினால் வழி மாறும் என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது. அப்படியிருக்க, பாதியில் நிற்கும் வண்டிக்கும் அதே எண்ணைக் கொடுத்து, 'கட்' என்ற சொல்லைச் சிறிய பலகையில் எழுதிக் கண்ணாடியின் மூலையில் வைப்பதால், வெட்டப்பட்ட தடத்தின் வண்டியில் ஏறுபவர்களில் பலருக்கு அது பாதி வழியில் நிற்கும் என்பது பாதி வழியில்தான் தெரிகிறது. 2025 செப்டம்பரில் அறிமுகமான சென்னை ஒன் செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டுத் தருகிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன், பயன்படுத்தவும் செய்கிறேன். ஆனால் மீன்கூடை சுமக்கும் அம்மையாரிடம் இருப்பது பொத்தான் வைத்த கைப்பேசி. அவருக்கான செயலி, நிறுத்தத்தில் எழுதப்பட்ட பலகையும் நடத்துநரின் குரலும்தான்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலில், சென்ற மாதம் வெட்டப்பட்ட தடத்தில் காலை 5 மணி முதல் 9 மணி வரையிலும் மாலை 4 மணி முதல் 8 மணி வரையிலுமாவது நேர்ப் பேருந்துகளை உடனே மீண்டும் இயக்குங்கள். அவற்றில் பாதிக்குக் குறையாதவை சாதாரணக் கட்டண வண்டிகளாக இருக்கட்டும். தடம் வெட்டப்பட்ட சந்திப்பில் பேருந்து மாறுவோர் எதிர்ப்புறம் நடக்காமல், இறங்கிய இடத்திலேயே அடுத்த வண்டியில் ஏறும்படி நிறுத்தத்தை அமையுங்கள். அவர்கள் இரண்டாவது வண்டியில் புதிதாகக் கட்டணம் செலுத்தாமல், முழுத் தூரத்துக்கும் ஒரே சீட்டில் செல்லவும் வழிசெய்யுங்கள்.

இனி எந்தத் தடத்தை வெட்டுவதானாலும், சுருக்குவதானாலும், நிறுத்துவதானாலும், அந்தக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி அத்தடத்தில் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை மூன்று முறை பயணம் செய்ய வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். வேலைநாளின் காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, இரவின் கடைசி நடை ஒன்று. போகும் வழியிலும் வரும் வழியிலும் செல்ல வேண்டும். அரசு வாகனம் பின்தொடரக் கூடாது. இருக்கை ஒதுக்கி வைக்கவும் கூடாது. வெட்டப்போகும் இடத்தில் வண்டியிலேயே இருந்தவர்களின் எண்ணிக்கையை அவர் குறித்து, முடிவோடு சேர்த்து வெளியிட வேண்டும். இதுவே என் கோரிக்கைகளில் முதன்மையானது. மற்றவற்றை நீங்கள் ஒத்திவைத்தாலும் இதை ஒத்திவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தட மாற்றத்துக்கு 30 நாட்கள் முன்னதாக அத்தடத்தின் ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு வண்டியின் உள்ளேயும், பெரிய எழுத்தில் தமிழில் அறிவிப்பு வையுங்கள். மழையில் கரையாத தாளில் வையுங்கள். நடத்துநர் அதை வாயாலும் சொல்லட்டும். பாதி வழியில் நிற்கும் வண்டிக்கு வேறு எண் கொடுங்கள். ஓட்டுநர், நடத்துநர்களை உட்காரவைத்துக் கேட்டு, மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் செல்லும் எல்லாத் தடங்களின் ரன்னிங் டைமையும் திருத்துங்கள். கழிப்பறை, குடிநீர், நிழல் இல்லாத கடைசி நிறுத்தங்களின் பட்டியலை வெளியிட்டு, ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்று அறிவியுங்கள். அந்தப் பட்டியலின் முதல் படியை நான் தயாரித்து வைத்திருக்கிறேன்.

என் எட்டுக் குறிப்பேடுகளையும் நகல் எடுத்து, தட எண் வரிசைப்படி அடுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றை எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில், யாரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிவியுங்கள். பேருந்தில் வந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முனை முதல் முனை வரை செல்லும் பயணி ஒருவன்,
சென்னை